முறுக்கு ஹேசலின் மறைவிடம்

குளிர்ந்த மலைத்தோட்டம் ஒன்றில், நேராக வளரும் காட்டு ஹேசல் என்னும் கொட்டைச் செடியின் வேரில் ஒட்டுக் கட்டி வளர்த்த முறுக்கு ஹேசல் செடி ஒன்று இருந்தது. அதன் கிளைகள் சுருண்டு நெளிந்திருக்கும். அந்த அழகுக்காகவே தன்னை வைத்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. தோட்டக்காரர் கத்தரியுடன் வரும்போதெல்லாம், தன் கோணலை வெட்டத்தான் வருகிறார் என்று அதற்கு ஈரக்குலை நடுங்கும்.

ஒருநாள் வேரிலிருந்து நேரான குருத்தொன்று தலைநீட்டியது.

"நடுங்காதீர்கள், அக்கா! நான் வளர்ந்து உங்களை மறைத்துக்கொள்கிறேன். அதுவரை என்னை அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

"என் வயிற்றில் பாலை வார்த்தாய், தம்பி!" என்ற முறுக்குச் செடி, தன் இலைகளால் குருத்தை மூடிக்கொண்டது. தோட்டக்காரர் குனிந்து தேடினார். ஒன்றும் காணாமல் திரும்பினார்.

மழைக்காலம் முழுவதும் அவர் வரவில்லை. குருத்து ஆளுயரம் வளர்ந்து, அகன்ற இலைகளை விரித்து நின்றது.

"தம்பி, எனக்கு வெயிலும் இல்லை, நீரும் ஏறவில்லை."

"உயிர் பெரிதா, வெயில் பெரிதா? கோணலாய்ப் பிறந்துவிட்டு ஆசையைப் பாருங்கள்!"

மழை விட்டதும் கத்தரியின் ஓசை கேட்டது. முறுக்குச் செடியில் அப்போது மிஞ்சியிருந்தது ஒரேயொரு பச்சைத் துளிர்.

"இந்த நேர்க்குருத்தை வெட்டத்தானே அன்று தேடினேன்!" என்று தோட்டக்காரர் தமக்குள் சொல்லிக்கொண்டார். "முறுக்குக் கிளையில் ஒரு துளிராவது இருந்தால் இப்போதும் காப்பாற்றிவிடலாம்."

செடி பதறிப்போய்த் துளிரை நீட்டியது. அகன்ற இலையொன்று அதன்மேல் கவிந்தது.

"அசையாதீர்கள், அக்கா. நான் இருக்கிறேன்."

துளிர் ஒன்றும் தென்படாததால் கத்தரி உறைக்குள் போயிற்று. விலகிச் செல்லும் காலடியோசையை முறுக்குச் செடி முதன்முறையாக நடுங்கிக்கொண்டே கேட்டது.