பெண்கள் பக்கம்

"யோவ், ஆம்பளைங்க பக்கம் அந்தாண்ட இருக்குது. போய்யா."

துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி வழியை மறித்தாள் ஜோதியம்மாள். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய நாலணாக் கழிப்பிடத்தில் பெண்கள் பக்கத்துக்கு அவள்தான் காவல். தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

மறிக்கப்பட்டவள் பச்சையம்மாள், கீழ்பென்னாத்தூர்க்காரி. ஆறடிக்குக் கொஞ்சம்தான் கம்மி. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை வேறு. தலையில் கட்டியிருந்த துண்டு நெரிசலில் நழுவியதும் கிராப்புத் தலை பளிச்சென்று தெரிந்துவிட்டது.

"நான் பொம்பளைதாங்க. திருப்பதியில முடி எறக்கினேன்." குரல் கரகரவென்று வந்தது. காரியம் இன்னும் கெட்டது.

"மொட்டைன்னா சந்தனம் எங்க? போன மாசம்கூட ஒண்ணு இப்படித்தான் புடவையச் சுத்திக்கினு வந்துச்சு. தொடப்பத்தாலயே போட்டு அனுப்பினேன்."

வரிசையில் அடுத்து நின்ற கஸ்தூரி முந்தானையைக் கழுத்தோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

இரண்டு பேரும் வேலூரிலிருந்து ஒரே சீட்டில் வந்தவர்கள். டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் கஸ்தூரி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, மலை இருக்கும் திசையைக் காட்டினாள். "மௌன விரதமா? சரிம்மா" என்று அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். இந்த ஊருக்கு வருகிறவர்களிடம் அது ஒன்றும் புதிதில்லை. பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று யாரும் யோசிக்கவில்லை.

குறுக்கே பேசாத ஆள் கிடைத்தால் பச்சையம்மாள் விடுவாளா? வழி நெடுகக் கதைதான். புருஷன் இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடப்பது, அவன் பிழைக்க வேண்டும் என்று போன மாதம் மொட்டை போட்டுக்கொண்டது, அழுது அழுது தொண்டை கட்டியது, அவன் சட்டையைப் போட்டுக்கொண்டால் கொஞ்சம் தைரியமாக இருப்பது எல்லாம் கஸ்தூரிக்குத் தெரியும். மூன்று மணி நேரமாக இருவரும் அடக்கிக்கொண்டு வந்ததும் தெரியும்.

பச்சையம்மாள் தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள்.

"கூவாகத்துல போய்ப் பாரு, எத்தினி பேரு தாலி கட்டிக்கினு நிக்கறானுங்கனு," என்றாள் ஜோதியம்மாள். வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள்.

"இந்தம்மாவக் கேளுங்க. என் கூடத்தான் வராங்க. மௌன விரதம், அதான் பேச மாட்டாங்க. ஆனா எல்லாம் தெரியும் இவங்களுக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சள் பூசிய முகம், நெற்றி நிறையக் குங்குமம், இடுப்பு வரை பின்னல், இந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றிப் போர்த்திய முந்தானை. பச்சையம்மாளை ஒன்றும் செய்யாதீர்கள் என்று கஸ்தூரி அவசரமாகக் கையை ஆட்டினாள்.

"பாத்தியா, அம்மாவே உள்ள விடாதனு கையாட்றாங்க," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

கஸ்தூரிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பச்சையம்மாளின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். கூட்டம் அதற்கும் ஒரு அர்த்தம் வைத்திருந்தது.

"பாவம், பக்கத்துல உக்காந்து வந்துட்டமேன்னு பதறிப் போயிட்டாங்க."

ஜோதியம்மாள் துடைப்பத்தை விலக்கி கஸ்தூரிக்கு மட்டும் வழிவிட்டாள். "நீ உள்ள போம்மா. உன் மொகத்தப் பாத்தாலே கும்பிடத் தோணுது. இந்தக் கண்றாவியெல்லாம் நீ பாக்க வேணாம். மூணாவது கதவு, தாப்பா நல்லா விழும்."

கஸ்தூரி போனாள். இனி ஒரு நிமிஷம்கூடத் தாங்காது என்றிருந்தது. மூன்றாவது கதவுக்குள் நுழைந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வந்ததெல்லாம் இப்படி ஒரு தாழ்ப்பாள் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில்தான்.

வெளியே சத்தம் ஜாஸ்தியானது. சோடாக்கடை ஆதிமூலமும் வந்து சேர்ந்துவிட்டான்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு? சட்டையக் கழட்டினா தெரிஞ்சுடப் போவுது."

"ஆமா, கழட்டிடு," என்று ஒரு பெண்ணே சொன்னாள்.

"வேணாங்க. அது எங்க வூட்டுக்காரரு சட்டைங்க," என்று பச்சையம்மாள் அழுதாள்.

கஸ்தூரி தாழ்ப்பாளைப் போடவில்லை. திரும்பி வெளியே வந்தாள். ஆதிமூலத்தின் கை பச்சையம்மாளின் காலரைப் பிடித்திருந்தது. ஒரு பொத்தான் தெறித்து கஸ்தூரியின் காலடியில் வந்து விழுந்தது.

அவள் அவன் கையைத் தட்டிவிட்டு இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையை இறக்கிவிட்டாள்.

"பேசிடாதம்மா," என்று ஜோதியம்மாள் பதறினாள். "இதுக்காகப் போயி விரதத்தக் கெடுத்துக்கறியே."

கஸ்தூரி வாயைத் திறந்தாள். வந்த குரல் ஆதிமூலத்தின் குரலைவிடக் கட்டையாக இருந்தது.

"அந்தம்மாவ உள்ள விடுங்க. நீங்க தேடறது என்னத்தான்."