டஸ்ட் கலெக்டர் விழுங்கியது

கொல்லைப் பட்டறையில் மரத்தூளை உறிஞ்சப் புதிதாக மாட்டிய டஸ்ட் கலெக்டர் நன்றாகத்தான் இழுத்தது. குழாய் வாயில் கை வைத்துப் பார்த்த கிளமென்ட்டின் தளர்ந்துபோன கல்யாண மோதிரத்தையும் சேர்த்து இழுத்துவிட்டது.

நாளை சர்ச்சில் கல்யாண நாள் பூசை. ஃபாதர் மோதிரங்களை மந்திரிப்பார். மனைவி ஜூலியட்டுக்குத் தெரிந்தால் பூசை இன்றே ஆரம்பித்துவிடும்.

அவர் மரத்தூள் பையைக் கழற்றும்போதே அவள் வந்து நின்றாள்.

“விடுங்க, நான் கொட்டிடுறேன்.”

மரத்தூளைக் கண்டாலே முகம் சுளிப்பவள்! கிளமென்ட் பையை இறுக்கிப் பிடித்தார்.

“உனக்கு எதுக்கும்மா? தும்மல் வரும்.”

“பரவால்ல, குடுங்க.”

ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பை கிழிந்தது. தூளில் மோதிரம் மின்னியது. பாய்ந்தெடுத்து மாட்டினார். விரல் கணுவைத் தாண்டவில்லை.

ஜூலியட் தலைகுனிந்தாள்.

“அது என்னுதுங்க. காலைல சோப்புக் கையோட, எப்படி இழுக்குதுன்னு பார்த்தேன். திட்டாதீங்க.”

கிளமென்ட் தன் வெறும் விரலை நீட்டினார்.

“மாவுச் சல்லடைய எடுத்துட்டு வா. இன்னொன்னும் இதுலதான் கிடக்கு.”