பந்துக்காரன் கதையின் கடைசி வாரம்

"அவ போயிருவா. நானா இருந்தா நேத்தே போயிருப்பேன்" என்றான் ராபின்சன், கட்டிலில் கிடந்தபடி.

"அவளுக்கு ஒரு வார்த்தை போரும்" என்றாள் அவன் மனைவி ஜினி. "அவன் வாய் தொறந்து சொல்லணும்லா?"

"அவன் சொல்ல மாட்டான். கால் ஒடிஞ்சவனுக்கு ரோசம் கூடுதலாக்கும்."

ஜினி மடியிலிருந்த மலையாள வாரப் பத்திரிகையை எடுத்து விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். மாத்யூஸ், கோழிக்கோட்டில் வாலிபால் ஆடிய பந்துக்காரன். கால் ஒடிந்ததும், தன்னைக் காதலித்த ஆனியை விரட்டிவிட்டான். வருஷம் கழித்து அவள் திரும்பி வந்தாள். வந்தவளையும் இப்போது போகச் சொல்கிறான்.

மலையாளத்தில் ராபின்சன் சண்டை போடுவான், பாட்டும் பாடுவான். எழுத்து மட்டும் தெரியாது. படித்ததெல்லாம் தமிழ்ப் பள்ளிக்கூடம். அதனால் வாராவாரம் ஜினிதான் பத்திரிகையைப் பார்த்து அவனுக்குத் தமிழில் சொல்வாள்.

"ஆனி பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடையில எறங்கி நின்னா. மாத்யூஸ் தலைய நிமித்தி..."

லோட்ஷெடிங். கரண்ட் போய் விளக்கு அணைந்தது.

"...நிமித்திப் பாத்தான். ஒண்ணும் சொல்லல்ல. தொடரும்" என்று இருட்டிலேயே முடித்துவிட்டுத்தான் ஜினி தீப்பெட்டியைத் தேடினாள். "அடுத்த வாரத்தோட கதை முடியுதாம்."

அடுத்த வாரம் ஜினி இங்கே இருக்கமாட்டாள்.

உதியன்குளங்கரையில் லாரியிலிருந்து இறக்கிய மரத்தடி உருண்டு ராபின்சனின் இடது காலில் விழுந்து எட்டு மாதமாகிறது. பாறசாலை வட்டாரத்தில் அவன் எம்பி அடித்த வாலிபால் பந்தைத் திருப்பியவர் குறைவு. இப்போது சன்னல் கம்பிகளுக்கு நடுவே, சர்ச் மைதானத்து வலைக்கம்பத்தின் நுனி மட்டும் தெரியும். அவனுக்கு உலகம் அவ்வளவுதான்.

காலில் மணல் பை கட்டித் தூக்கிப் பயிற்சி செய்தால் நடக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவன் மணல் பையைத் தொடவே இல்லை. போன மாதம் மைத்துனன் வேதமாணிக்கத்துக்கு ஆளனுப்பினான். "உம்ம தங்கச்சியைக் கூட்டிட்டுப் போவும். இளம் வயசு. வேற நல்ல எடம் பாரும்."

ஜினி அழவில்லை. "அண்ணன் சனிக்கிழமை வாறாரு" என்று மட்டும் சொன்னாள். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க வழி தெரியாமல் அவனும் அந்தக் கட்டிலிலேயே கிடந்தான்.

ஆனால் கதையில் மாத்யூஸ் மணல் பையைக் காலில் கட்டித் தூக்கிய வாரம், ஜினி குளத்துக்குப் போன நேரம் பார்த்து, ராபின்சனும் தூக்கினான். மாத்யூஸ் சுவரைப் பிடித்து நின்ற வாரம் அவனும் நின்றான். அவளிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஜினி தகரப் பெட்டியில் துணிகளை அடுக்கினாள்.

"இன்னைக்குப் புத்தகம் வந்திருக்குமே?" என்றான்.

"வந்திருக்கும். போய் வாங்க எனக்கு நேரமில்ல."

"அப்போ அவன் வாய் தொறந்தானா இல்லியான்னு..."

"அது அவனுக்குத்தான் தெரியும்." அவள் முக்காட்டை இழுத்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை ஜெபித்துவிட்டு வருவதாகச் சர்ச்சுக்குப் போனாள்.

ராபின்சன் கூரையைப் பார்த்துக் கிடந்தான். பிறகு எழுந்தான். மூலையில் தூசி படிந்திருந்த ஊன்றுகோலை எடுத்தான்.

சந்திப்பிலுள்ள வாடகைப் புத்தகக் கடைக்கு இருநூறு அடிதான். நாலு இடத்தில் நின்று நின்று போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எலே ராபின்சா! நடந்தா வந்தே?" கடைக்காரர் கனகதாஸ் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "கர்த்தாவே, இரி மக்கா, இரி!"

"இருக்க நேரமில்ல அண்ணே. ஜினி வாங்குத புத்தகத்தை எடும். பந்துக்காரன் கதை. கடைசிப் பாகம் வாசிச்சுச் சொல்லும்."

கனகதாஸ் பக்கங்களைப் புரட்டினார். "பந்துக்காரனா? இதுல நாலு தொடர்கதை உண்டு. ஒண்ணு பேயி, ஒண்ணு போலீசு, மத்த ரெண்டும் மாமியாக்கமாரு."

"மாத்யூஸ், ஆனின்னு வரும். நல்லாப் பாரும்."

"மக்கா, இந்தப் புத்தகத்தை ரெண்டு வருசமா ஒரு வரி விடாம வாசிக்கேன். அப்பிடி ஒரு கதை இதுல வந்ததே இல்ல."

ராபின்சன் அந்தப் புத்தகத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

வீட்டு முற்றத்தில் ஜீப் நின்றது. வேதமாணிக்கம் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். படியில் நின்ற ஜினி, வழியில் ஊன்றுகோலோடு வருகிறவனைப் பார்த்தாள். அவன் கக்கத்திலிருந்த புத்தகத்தையும் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"அளியா! நடக்குதியா?" என்று தங்கை புருஷனைக் கேட்டார் வேதமாணிக்கம்.

ராபின்சன் அவரைத் தாண்டிவந்து மனைவியின் முன்னால் நின்றான். மூச்சு வாங்கியது.

"யாரு வாசிச்சுத் தந்தது?" என்றாள் ஜினி.

"நானே வாசிச்சேன்."

"உங்களுக்கு மலையாள எழுத்து தெரியாதே."

"கடைசிப் பாகம் மட்டும் தெரிஞ்சுது."

அவள் தலை குனிந்தாள். "மாத்யூஸ் வாய் தொறந்தானா?"

"தொறந்தான். 'போவாதே ஜினி'ன்னு சொல்லுதான்."