அங்குலம்கூட வீணாகாத டி.வி.

மனிதகுல வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்க செய்தி இதுதான்: மாப்பிள்ளை அகலத்திரை டி.வி. வாங்கிவிட்டார். கூடத்துச் சுவரில் முக்கால்வாசியை அது விழுங்கியிருக்கிறது. அதன் நீல வெளிச்சத்தில், சோபா நுனியில் அமர்ந்து, மாமியார் கண்ணாடியைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொள்கிறார். இளவயதில் அவர் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில், குழு நடனத்தில், படிக்கட்டு செட்டின் மேல்படியில் நின்று ஆடியிருக்கிறார். அந்தப் படம்தான் சேனலில் ஓடுகிறது. அந்தப் பாட்டு இதோ வரப்போகிறது. படத்தின் இரண்டு பக்கமும் நிற்கும் கறுப்புப் பட்டைகள் மாப்பிள்ளைக்கு மூக்கின்மேல் உட்கார்ந்த ஈ. "இவ்வளவு காசு கொட்டினது இருட்டைப் பாக்கறதுக்கா?" என்று, முறுக்குத் தின்ற எண்ணெய் விரலால் ரிமோட்டை அமுக்குகிறார். படம் பக்கவாட்டில் இழுபடுகிறது. கதாநாயகி பீப்பாயாகிறாள், நிலா நசுங்கிய தட்டாகிறது.

"ஐயே, எல்லாரும் ஊதிப்போயிட்டாங்க. பழையபடி சதுரமாவே விடுங்களேன்" என்கிறாள் மனைவி.

"இருந்தபடியே இருக்கட்டும் மாப்பிள்ளை" என்கிறார் மாமியார், கெஞ்சலாக.

"உங்களுக்கெல்லாம் இதுல ஒண்ணும் தெரியாது. சும்மா இருங்க." இன்னொரு அமுக்கு. படம் பெருத்துத் திரையை நிறைக்கிறது. மேலும் கீழும் வெட்டுப்படுகிறது. பாட்டு தொடங்குகிறது. நடுப்படிக்காரிகள் முழுசாகச் சுழல்கிறார்கள். மேல்படியில் ஒரு பாவாடை சுழல்கிறது, இரண்டு கைகள் அசைகின்றன, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. மாமியார் எக்கி எக்கி, டி.வி.க்கு மேலே உள்ள வெறும் சுவரைப் பார்க்கிறார்.

"இப்ப எப்படி அத்தை? ஒரு இஞ்ச் வீணாகலை பாத்தீங்களா!"

பாட்டு முடிகிறது. இதற்குப் பிறகு அந்தப் படத்தில் மாமியார் இல்லை.