கண்காம்பு

இறால் குஞ்சுப் பண்ணையில் தாய் இறால்களின் ஒரு கண்ணை அதைத் தாங்கும் காம்போடு வெட்டுவதுதான் சகாயமேரியின் வேலை. முட்டையைத் தடுக்கும் சுரப்பு அந்தக் கண்காம்பில் இருக்கிறது; வெட்டினால் சில நாளில் சினை முற்றிவிடும். வெட்டிய காம்புகளிலிருந்து எடுத்த மருந்தைத்தான் பண்ணைப் பெண்களுக்கு ஊசியாகப் போட்டார்கள், யாரும் பிரசவ விடுப்பு கேட்டுவிடக் கூடாதென்று. குழந்தை வேண்டுமென்று அவள் ஊசியை நிறுத்தி இரண்டு வருடமாயிற்று. இன்னும் மாதவிலக்கே திரும்பவில்லை.

“நிறுத்தினா சரியாயிடும்னுதானே சார் கையெழுத்து வாங்கினீங்க?”

“மீனுக்கு, எலிக்கெல்லாம் சரியாச்சேம்மா,” என்றார் மேலாளர், கணினியிலிருந்து தலையைத் தூக்காமல். “மனுஷங்களுக்கு இப்பத்தான் பாக்குறோம். கொஞ்சம் பொறு.”

சகாயமேரி தன் கத்திரிக்கோலை அவர் மேசைமேல் வீசினாள்.

“இறாலுக்கு ஒரு கண்ணு போதும். எனக்கு எதை வெட்டணும், சொல்லுய்யா!”