நீல முகம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டொக்டர் கனகசபை, பதுளை ஓவியக் கண்காட்சியில் நேசராணி டீச்சர் வரைந்த படத்துக்கு முன்னால், டீச்சர் பக்கத்தில் நிற்கவே சிரித்தார். கூடப் போன கிளாக்கர்மாரும் சிரித்து வைத்தோம்.

“மனுசனுக்கு நீல முகமோ, பிள்ளை? பிரான்சிலை சிலபேர் இயற்கையை விட்டிட்டு, மனசுக்குப் பட்ட கலரை அள்ளிப் பூசினவை. அவைக்குக் ‘காட்டு மிருகங்கள்’ எண்டு பேர் வைச்சாங்கள். அதுதான் ஃபோவிசம்! உமக்கேன் அந்த வேலை?”

“கண்ணால பார்த்ததத்தாங்க வரைஞ்சேன். எங்க அண்ணன் தேயிலைக்கு அந்த நீலச் செம்பு மருந்து அடிக்கிறாரு. கழுவினாலும் முகத்துல நீலம் போகலைங்க.”

“சும்மா கதை! அப்பிடி ஒருத்தனை நான் இந்தத் தோட்டத்திலை காணேல்லையே!”

“நேத்து மூச்சு முட்டுதுன்னு உங்ககிட்டதான் வந்தாருங்க. குனிஞ்ச தலை நிமிராம இருமல் மருந்து குடுத்து அனுப்பிட்டீங்க.”