காலர் அக்காவின் இருபது நிமிஷம்

"ஒரு நாளைக்கு மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம். ஆக மொத்தம் ஒரு மணி நேரம். இதுக்கு என்னம்மா பதில் சொல்றே?"

மானேஜர் பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

எதிரே நின்றவள் காலர் அக்கா. அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் யார் எதைத் தைக்கிறார்களோ அதுதான் அவர்கள் பெயர். துணைக்கு வந்து நின்றவள் கஃப் அக்கா. விசாரணைக்கு வரும் தொழிலாளி தன்னுடன் ஒருவரை அழைத்து வரலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்திருந்ததே மானேஜர்தான். எதையும் சட்டப்படி செய்கிறவர் என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

"பாத்ரூம் போனேன் சார்."

"எல்லாரும்தான் போறாங்க. அஞ்சு நிமிஷத்துல வந்துடறாங்க. உனக்கு மட்டும் என்ன, அங்கேயே குடித்தனமா?"

ஓரமாக நின்ற சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"உடம்புக்கு ஏதாவதுன்னா டாக்டர் சீட்டைக் காட்டு. நானும் மனுஷன்தான்."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சார்."

"அப்ப போன்ல அரட்டையா?"

"எங்கிட்ட போனே கிடையாது சார்."

கஃப் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காலர் அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"தப்புதான் சார். வேலை நேரத்துல எழுந்து போனேன்."

"உரிமைன்னா மட்டும் வரிஞ்சு கட்டிக்கிட்டு வர்றீங்க. கடமைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

மூன்று நாள் சஸ்பென்ஷன். அவள் கையெழுத்துப் போட்டாள். "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள், நாற்பது பெண்களில் ஒன்பது பேர் வேலைக்கு வரவில்லை. வந்தவர்களும் நாற்காலியில் நெளிந்துகொண்டே தைத்தார்கள். பாதி தைத்த சட்டைகள் மலை மாதிரி குவிந்தன.

மானேஜர் தையல் கூடத்துக்கே வந்துவிட்டார்.

"என்ன, ஸ்ட்ரைக்கா? முன்கூட்டியே சொல்லாம ஸ்ட்ரைக் பண்றது சட்டப்படி தப்பு, தெரியுமில்ல?"

கஃப் அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"ஸ்ட்ரைக் இல்ல சார். நீர்க்கடுப்பு."

"என்னது?"

"லேடீஸ் பாத்ரூமுக்குள்ள காலை வைக்க முடியல. அடக்கி அடக்கி ஒன்பது பேர் படுத்துட்டாங்க. மிச்சப் பேர் தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டோம்."

"திடீர்னு எப்படி இப்படி ஆச்சு?"

"திடீர்னு எல்லாம் இல்ல சார். க்ளீன் பண்ற அம்மாவை நீங்க நிறுத்தி நாலு மாசம் ஆகுது. அன்னிலேர்ந்து காலர் அக்காதான் தினம் மூணு வேளையும் கழுவி விட்டுக்கிட்டு இருந்தாங்க. எங்களைக் கிட்டவே விடல. 'மாட்டினா என் ஒருத்தியோட போகட்டும்'னாங்க."

கூடம் முழுக்க மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது.

மானேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ப் பார்த்தார். ஒரு மூலையில் தேய்ந்துபோன துடைப்பம். பக்கத்தில் பாதி பாட்டில் பினாயில். இரண்டும் தொழிற்சாலை வாங்கிக் கொடுத்ததல்ல.

செலவைக் குறைக்கும் பட்டியலில் 'துப்புரவுச் சம்பளம்' என்ற ஒரு வரியை அடித்தது அவருக்கு நினைவு வந்தது. அடிக்கும்போது பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. தொழிலாளிகளுக்குச் சுத்தமான கழிப்பறை வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை என்பதும் அவருக்கு மனப்பாடம். சட்டப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரியும்.

திரும்பி வரும்போது நாற்பது மெஷின்களைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை, வேலைக்கு வந்த காலர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காருங்கம்மா."

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"சஸ்பென்ஷனை ரத்து பண்ணிட்டேன். அந்த மூணு நாளும் நீங்க வேலைக்கு வந்த மாதிரிதான். என்னை மன்னிச்சிடுங்க."

"பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு சார்."

"ஆனா, நீங்க அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே? தண்டனையே கொடுத்திருக்க மாட்டேனே."

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே சார்?"

"சொல்லுங்க."

"தண்டனைக்குப் பயப்படல. மூணு நாள்தானே, போனாப் போகுது. விஷயம் தெரிஞ்சா, 'நல்லாத்தானே பண்றே, இனிமே நீயே பண்ணு'ன்னு அதையும் என் தலையில கட்டிடுவீங்களோன்னுதான் பயந்தேன். ஏதோ நம்ம பொண்ணுங்க அவஸ்தைப்படுதேன்னு செஞ்சேன். மத்தபடி நான் பதினாலு வருஷமா காலர் தைக்கிறவ சார்."

மானேஜர் மேஜையிலிருந்த ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்தார்.

"அந்த க்ளீனிங் அம்மாவை இன்னிக்கே வரச் சொல்லுங்க. ஆமா, நிரந்தரமாத்தான். அவங்களால முடியலைன்னா வேற ஆள். மத்தியானத்துக்குள்ள வந்தாகணும்."

காலர் அக்காவின் முகம் மலர்ந்தது. எழுந்து கதவு வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஏதோ லெட்டர் தரப்போறதா சூப்பர்வைசர் சொன்னாரே சார்?"

"லெட்டரா? அது... ஒண்ணுமில்லம்மா. நீங்க போய் வேலையைப் பாருங்க."

கதவு மூடிக்கொண்டது. மானேஜர் ஃபைலுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவி, சுக்கல் சுக்கலாகக் கிழித்தார்.

அவளைக் கௌரவிப்பதாக நினைத்து, அன்று காலைதான் அதில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்: 'தங்கள் சேவை மனப்பான்மையைப் பாராட்டி, இன்று முதல் கழிப்பறைப் பராமரிப்புப் பொறுப்பும் தங்களிடமே ஒப்படைக்கப்படுகிறது.'